கழற்றி வைத்த எட்டு பாட்டில்கள்

கல்லியூர், திருவனந்தபுரம்
பங்குனி 10

மகள் சுஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், நீயும் அந்த அசாம் மழையில் சளி பிடிக்காமல் இருக்க பகவதியை வேண்டுகிறேன். உங்கப்பா குறட்டையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் இப்பவும் குரைக்கிறது, வேறு முன்னேற்றம் இல்லை. போனில் என்றால் கேலி பேசியே தப்பித்துவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், பிழை இருந்தால் என் மூணாங்கிளாஸ் வாத்தியாரைத் திட்டிக்கொள்.

போன வருஷம் நீ லீவில் வந்து நம்ம பாவக்காய்ப் பந்தலில், காயைக் குத்துகிற ஈயை மணம் காட்டி உள்ளே இழுத்துக் கொல்லும் ஈப்பொறி பாட்டில் எட்டு கட்டினாயே, ரெண்டே நாளில் ஈ விழுந்து கறுத்துப் போச்சே. அடுத்த பந்தல் சுனில் வந்து, எந்தா அக்கா, ஊரு ஈயையெல்லாம் ஆளு விட்டுக் கூப்பிடுதீங்களா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும், என் மக ஈ பிடிக்கத்தான் காலேஜுக்குப் போனா என்று சேர்ந்து சிரித்தேன், நீ பக்கத்திலேயே நின்றாய். நீ ரயில் ஏறின மறுநாளே பாட்டிலையெல்லாம் கழற்றிவிட்டுக் கடைக்காரன் சொன்ன மருந்தை அடித்தேன். அப்படியும் ஈ குத்தி முட்டையிட்ட காய்க்குள் புழு நெளிந்தது.

இந்த வருஷம் சுனில் தன் பெண்டாட்டி லிபியின் அண்ணன் தோட்டத்தில் அதே பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்து கட்டினான். முதல் பறிப்பில் ஒரு காயிலும் குத்து இல்லை. ஒரே வாரத்தில் எல்லாப் பந்தலிலும் பாட்டில் தொங்குது, சுனில் பாட்டில் என்று அதற்குப் பேர். நானும் கட்டினேன், சுஜா மக்களே. நீ மூணு நாள் வெயிலில் நின்று சொன்னது ஏறாத மண்டையில் அவன் சாக்கில் இருந்த காயைப் பார்த்ததும் ஏறிவிட்டது. ஆனால் அதற்குள் நம்ம காயில் பாதி போய்விட்டது.

நிலத்துக்காரி ஓமனா சேச்சி ரெண்டு பந்தலையும் பார்த்தாள். பதினோரு வருஷமாக நாம் குத்தகைக்குப் பயிரிட்ட நிலத்தைச் சித்திரை பிறந்ததும் சுனிலுக்குக் கொடுக்கிறாள். அவனுக்குப் புது அறிவு உண்டு பூமாரி என்றாள். அந்த அறிவு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. பின்னே ஏன் கழற்றினாய் என்று கேட்பாளே, விழுங்கிக்கொண்டேன். பாவக்காய் விற்கிறவளுக்குக் கசப்பு புதுசா.

உங்கப்பா உன்னிடம் சொல்லாதே என்றார். அவர் சொன்னதை என்றைக்குக் கேட்டேன்.

நல்லா இரு, நீ சொல்வதைக் கேட்கிற மனுஷர்கள் உனக்கு அமையட்டும். விஷுவுக்கு முந்தி வந்துவிடு, பந்தல் அதுவரைதான் நம்முடையது. நாலு பேர் முன்னால் சிரித்த தப்பை நாலு பேர் முன்னால்தான் ஒத்துக்கொள்ளணும், அந்தப் பாட்டிலை முதலில் கட்டினது என் மகதான் என்று சுனிலையும் நிற்க வைத்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஈ பிடிக்கிறவளின் அம்மா
பூமாரி