அமீருலின் விரல்

அன்புள்ள கலாவுக்கு,

சிலிபினில் நீயும் பிள்ளைகளும் நலமா? தஞ்சோங் மாலிமில் நான் நலம்தான், பயப்படாதே. போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன்.

தினமும் காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை அளவைக் கிளினிக்குக்கு அனுப்ப, என் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தார்கள் அல்லவா? என் அளவு ஏறிக்கொண்டே போனது. தாதி ரஸ்னா கேட்பாரே என்று கூசி, முந்தாநாள் என் அறையில் தங்கியிருக்கும் அமீருலின் விரலைக் குத்தி அனுப்பிவிட்டேன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது அவனுக்கு.

சற்று நேரத்தில் ரஸ்னா அழைத்தார். "அண்ணே, என்னா இவ்வளவு ஏறியிருக்கு? உடனே வாங்க லா!"

வேறு வழியில்லாமல், "அது என் ரத்தம் இல்லம்மா, கூட இருக்கிற பையனோடது" என்றேன்.

அவர் திட்டவில்லை. "அப்போ அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அமீருலுக்கும் என்னைப் போல இனிப்பு நீர் வியாதியாம். கிளினிக்கில் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து, "நீங்க குத்தலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணே" என்றான். தலை நிமிர முடியவில்லை, கலா.

சாம்பார்ப்பொடி இருவருக்குமாக அனுப்பு. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் வா. நான் விரலைக் குத்தும்போது நீ பார்த்துக்கொண்டிரு. வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் மகேந்திரன்