கதிர்வீச்சுப் பட்டைகளின் மேல் பழிபோட்டு மூடப்பட்ட மின்னழுத்தப் புகார்

அனுப்புநர்
சூ. ஜெயசீலி,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
7, மூன்றாவது குறுக்குத் தெரு,
ஏரிமுனை நகர், சிட்லபாக்கம்.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
ஏரிமுனை மின் கோட்டம்.

பொருள்: மூடிய புகாரைத் திறந்து, எங்கள் தெருக் கம்பத்தைச் சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்று வாரமாக எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. எதிர்வீட்டு அயூப் அண்ணன் ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையோடு மூச்சு விடுபவர். அது நான்கு முறை நின்றுவிட்டது. நான்கு முறையும் அவர் மகள் சாஹிராதான் ஓடிவந்து ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினார். இப்போது வேலைக்கு விடுப்புப் போட்டு இயந்திரத்துக்குக் காவல் இருக்கிறார்.

2. என் புகாரை உதவிப் பொறியாளர் கதிரேசன் இப்படி முடித்துவைத்தார்: “பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளின் சீற்றமே காரணம். இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதல்ல. மனு விண்வெளித் துறைக்கு அனுப்பப்படுகிறது.”

3. இதில் என் பங்கும் உண்டு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்தப் பட்டைகளைப் பற்றிப் பேசியவள் நான்தான். என் முன்னாள் மாணவி சத்யபிரியா அவற்றை ஆராய்கிறார். முன்வரிசையில் இருந்த கதிரேசன் சார் சூரியப் புயல் வரை கவனமாகக் கேட்டார். போண்டா வந்ததும் எழுந்து போய்விட்டார். பட்டைகள் பல நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பவை, மூன்றாவது குறுக்குத் தெருவை மட்டும் விசாரித்துக்கொண்டு வருபவை அல்ல என்பதைப் போண்டாவுக்குப் பிறகுதான் சொன்னேன்.

4. அவர் தவறவிட்ட பாடம் இது. செயற்கைக்கோள் தான் போகும் வழியில் உள்ள துகள்களை மட்டுமே அளக்கும். மற்ற இடங்களில் என்ன இருக்கும் என்பதைக் கணினிக் கணக்கு ஊகித்துச் சொல்லும். சத்யபிரியா இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார். உதாரணமாக, பஸ் எட்டு மணிக்கு என்கிறது அட்டவணை. முந்தைய நிறுத்தத்திலிருந்து தோழி போன் செய்து, இன்னும் வரவில்லை என்கிறாள். அட்டவணையை முழுதாக நம்ப மாட்டேன். தோழியின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தும்; அவளையும் முழுதாக நம்ப மாட்டேன். இரண்டையும் எடைபோட்டுக் கிளம்புவேன். அடுத்த போன் வந்தால் கணக்கைத் திருத்துவேன்.

5. தங்கள் அலுவலகத்தில் அட்டவணை மட்டும் இருக்கிறது: தினமும் 230 வோல்ட் என்று எழுதப்படும் பதிவேடு. போன் செய்யும் தோழி நான். பதினாறு நாள் அளந்தேன். மிகக் குறைவு 168, மிக அதிகம் 271.

6. லைன்மேன் அன்பு கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “டீச்சர், வானத்துல ஒண்ணுமில்ல. நியூட்ரல் ஒயர் லூசா கீது. அரை மணி வேலை. புகாரையே மூடிட்டாங்க, இன்னான்னு சொல்லி நான் கம்பம் ஏறுவேன்?”

7. ஆகவே புகாரைத் திறந்து, அன்பு கம்பம் ஏற இன்றே அனுமதி தர வேண்டுகிறேன். மின்சாரத்தை நிறுத்தும் அந்த அரை மணி நேரத்துக்குச் சிலிண்டர் தயாராக இருக்கிறது. விண்வெளித் துறை பதில் எழுதும்வரை அயூப் அண்ணனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

இடம்: சிட்லபாக்கம்
நாள்: 14.07.2025

தங்கள் அனுமதிக்காக வாசலில் காத்திருக்கும்,
சூ. ஜெயசீலி

இணைப்பு:
அ) பதினாறு நாள் அளவீடு.
ஆ) அடுத்த சங்கக் கூட்டத்தின் அழைப்பிதழ், கதிரேசன் சாருக்கு. இம்முறை போண்டா கடைசியில்தான்.