கிடா சிலுப்பவில்லை

அக்டோபர் 6, திங்கள்

மேகம் மூடியே கிடக்கிறது. மழை இல்லை. புழுக்கம்.

காலை 7.20 டவுன் பஸ்ஸில் அப்பாவோடு திண்டுக்கல். பெரியாஸ்பத்திரி. ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை. அப்பாவின் வலது காலில் செருப்பு நுழையவில்லை. பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை. யாரும் பார்க்கவில்லை. அங்கே எல்லோரிடமும் ஏதோ ஒரு கட்டு இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் கத்தரித் தோட்ட வரப்பில் கருவேல முள் குத்தியது. ஊக்கால் தானே எடுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். வலிக்கவில்லையாம். சர்க்கரை உடம்பில் வலிக்காததுதான் ஆபத்து என்று இன்று தெரிந்தது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன.

டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அழுத்திப் பார்த்தார்.

"இன்னைக்கே அட்மிட் ஆகுங்க. ரெண்டு விரலோட போயிரும். தள்ளுனீங்கன்னா பாதம். அப்புறம் முழங்கால். அப்புறம் உசுரு."

அப்பா தலையாட்டினார். சம்மதம் என்று நினைத்தேன்.

"ரெண்டு நாளு பொறுங்க சார். கேட்டுட்டு வாரேன்."

"யாரைக் கேக்கணும்?"

"எங்கய்யாவ."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "அவருக்கு என்ன வயசு?"

"அது யாருக்கும் தெரியாது சார்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பா சொன்னது கருப்புசாமியை. டாக்டர் என் தாத்தாவை நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள்.

வாங்க வேண்டியவை: கட்டுத்துணி, டெட்டால், புளி, என் சுடிதாருக்கு ஊக்கு.

திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் தீபாவளிச் சேலை பற்றி. "பச்சைன்னு சொல்லிட்டு கிளிப்பச்சையக் குடுத்துட்டான்." அப்பா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 8, புதன்

எங்கள் ஊரில் கோயில் கிடா வெட்டுமுன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஒப்புக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. தலை தொடங்கி வால் வரை ஓட வேண்டும். காலை வெட்டலாமா என்று இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அப்பா கேட்கப் போகிறார். உத்தரவு வந்தால் ஆபரேஷன். அப்பா நடந்து வந்ததும் கிடா வெட்டு. உத்தரவு வராவிட்டால் வரும்வரை காத்திருப்பு.

"அவன் குடுத்த காலுத்தா. அவன்ட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படிக் குடுக்குறது?"

சித்தப்பாதான் எங்கள் சாமிக்குப் பூசாரி. "கெடா வெட்டத்தான்ணே கேப்பாக. காலு வெட்டவா கேப்பாக?"

"ரெண்டும் வெட்டுதானலே."

வெள்ளிக்கிழமை கேட்பதாக முடிவு. இரண்டு நாள் என்று டாக்டரிடம் சொன்னது இன்றோடு முடிகிறது.

சுகர் 318.

அக்டோபர் 10, வெள்ளி

லீவு போட்டேன். இன்றும் மேகம்.

எங்கள் கருப்புக்குக் கூரை கிடையாது. தோட்டத்து மூலையில் ஒரு கல், ஒரு வேல்கம்பு, துருப்பிடிக்காத இரண்டு அரிவாள். அப்பாவைப் பைக்கில் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஒரு கவிழ்த்த வாளியின்மேல் தூக்கி வைத்தோம். அம்மா பக்கத்தில் நின்று ஈ ஓட்டினாள்.

கிடா செவலை. அப்பா இரண்டு வருடமாக வளர்ப்பது. அவர் சட்டை நுனியைத் தின்ற கிடா. மாலை போட்டார்கள், மாலையைத் தின்னத் தொடங்கியது.

"ஏலே, சாமிக்குன்னு போட்டா நீ திங்கிற." சித்தப்பா முதல் சொம்பை ஊற்றினார்.

நின்றது. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வயிற்றுவழியே தண்ணீர் சொட்டியது. எல்லோரும் அந்த முதுகையே பார்த்தோம். அவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை. ஒரு மயிர் அசைந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டாம் சொம்பு. மூன்றாம் சொம்பு. ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்தோம். கிடா வந்து அப்பாவின் மணிக்கட்டை நக்கியது.

"இன்னைக்கு இல்ல போல. ஞாயித்துக்கிழமை பாப்போம்," என்றார் அப்பா. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போவோம் என்கிற குரல்.

எனக்கு அழுகை. காட்டவில்லை. நான் கருப்பிடம் குணமாக்கு என்று கேட்கவில்லை. பேசு என்றுதான் கேட்டேன். ஆமாம், இல்லை, எதுவானாலும். இவ்வளவு பொறுமையாக ஒருவர் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அவரோடு பேசு.

அக்டோபர் 11, சனி

வேலைக்குப் போனேன். இ-சேவை மையம். காலையிலிருந்து சர்வர் வரவில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, விதவைச் சான்று. வந்தவர்களிடமெல்லாம் "சர்வர் வரல, செத்த நேரம் இருங்க" என்றேன். இருந்தார்கள். கோபப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒரு ஆள், "அது எங்கம்மா இருக்கு, அந்தச் சர்வரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் மட்டும் பார்த்திருக்கிறேனா?

காத்திருத்தல் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். நூலகத்து அட்டையில் இடமில்லாமல் ஒட்டுத்தாள் சேர்த்தது நான் ஒருத்திதான் இருப்பேன். ஆனால் புத்தகங்களில் காத்திருப்பவர்களுக்கு அடுத்த பக்கம் என்று ஒன்று கையில் தட்டுப்படும்.

கறுப்பு மூன்றாம் விரலுக்கு வந்துவிட்டது. கட்டு மாற்றும்போது பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். காதுக்குள் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கிடாவும் சிலுப்பும் என்று ஊரில் பேச்சு. அதைத்தான் கேட்டேன்.

சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்ச பிள்ள கேக்குற கேள்வியா இது?"

"வேற என்ன சித்தப்பா செய்ய?"

"நெறையப் பேரு அப்படித்தான் ஊத்துறாக. எங்கண்ணனுக்கு நான் ஊத்துனது இல்ல." பிறகு, "சரி, போ," என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இரண்டாம் முறை. வெயில் அடித்தது, அதுவும் மேகத்துக்குள்ளிருந்து.

முதல் சொம்பு முதுகில். இரண்டாம் சொம்பு ஊற்றும்போது சித்தப்பா கையைச் சற்றுச் சாய்த்தார். இடது காதுக்குள் போனது. நான் பார்த்தேன். அம்மா பார்த்தாளா தெரியவில்லை.

கிடா காதைப் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. தலையை இரண்டு தரம் உதறியது. என் உடம்பே முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் ஓடவில்லை.

"தல மட்டுந்தான். செல்லாது," என்றார் அப்பா. அப்புறம் கோபமே இல்லாமல்: "ஏலே சின்னவனே, காதுல ஊத்தாத. அதுக்குச் சீப்பிடிச்சிரும்."

சித்தப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். துண்டால் கிடாவின் காதைத் துடைத்தார்.

பொய் சொல்லக்கூடத் துணிந்துவிட்டேன். பொய்யும் பலிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சுகர் 341.

வீட்டில் வாடை. அம்மா இரண்டு ஊதுபத்தி சேர்த்துக் கொளுத்துகிறாள். ஊதுபத்திக்குள்ளும் அது வருகிறது. சோறு இறங்கவில்லை. அப்பா மட்டும் சாப்பிட்டார், சுண்டவத்தல் வெஞ்சனம் நன்றாயிருக்கிறது என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பாவோடு சண்டை. வாழ்க்கையில் இரண்டாம் முறை. முதல் முறை நான் கல்லூரிக்குப் போவதற்கு.

"ரெண்டு தடவ கேட்டாச்சுப்பா. பதில் வரல. பதில் வரலேன்னா, உன் இஷ்டம்னுதான் அர்த்தம்."

"வரலேன்னா வரலேன்னுதான்த்தா அர்த்தம். அதுல நீயா ஒன்ன எழுதக்கூடாது."

"மழை வரலேன்னா சும்மாவா இருந்தீங்க? போர் போட்டீங்கல்ல?"

சிரித்துவிட்டார். "அது சரி," என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. வாதத்தில் ஜெயித்ததால் ஒரு விரல்கூடத் திரும்பி வரவில்லை.

அடுப்படியில் அம்மாவிடம் கத்தினேன், நீயாவது சொல்லக் கூடாதா என்று. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பயம்டி."

"பக்தின்னுல்ல நெனச்சேன்."

"எனக்கும் தெரியல. இருவத்தெட்டு வருசமாப் பாக்குறேன், ரெண்டும் அவருகிட்ட ஒரே மாதிரிதான் இருக்கு."

கருவேல முள்ளைக் குத்தவிட்டவன் யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கும் பயம்தான் போல.

அப்பாவின் செருப்பு வாசலில் கிடக்கிறது. வலது கால் செருப்பில் பல்லி.

அக்டோபர் 15, புதன்

ஜி.ஹெச். வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்.

மத்தியானம் மூன்று மணி. அப்பா கட்டிலில் படுத்திருந்தார். குளிருது என்றார். இந்தப் புழுக்கத்தில். போர்வை போட்டோம். இன்னொன்று. பல் தந்தியடிக்கத் தொடங்கியது. பிறகு உடம்பு முழுக்க. தலையிலிருந்து கால்வரை அப்படியே உதறியது. கட்டில் கிறீச் கிறீச்சென்றது. நான் தோளைப் பிடித்தேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ஈ ஓட்டிய துண்டு கையில். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சிலுப்பிருச்சு," என்றாள்.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "என்ன மதினி?"

"கண்ணு தெரியலயா? தலையில இருந்து காலு வரைக்கும் சிலுப்பிருச்சு. அவன் கெடாவக் கேக்கல. இவரைத்தான் சிலுப்பவிட்டிருக்கான். வண்டியக் கூப்புடு."

அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பா 108-க்குப் போன் போட்டார். இருபது நிமிடத்தில் வந்தார்கள். அப்பாவுக்குப் பாதி நினைவுதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அது ரத்தத்தில் கிருமி ஏறிய குளிர்க்காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். வாசித்திருக்கிறேன். அம்மா சொன்னதையும் அந்த நிமிடம் நம்பினேன். இரண்டும் தெரிந்திருப்பதால் ஒரு உபயோகமும் இல்லை.

அதே டாக்டர். கட்டைப் பிரித்ததும் முகம் மாறியது. "விரல் இல்லம்மா இப்ப. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். அதுவும் உடனே. ஒம்பது நாளு." திட்டவில்லை. நாளைத்தான் எண்ணினார்.

தாளை அம்மாவிடம் நீட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள். நான் சாட்சி.

டாக்டர் போகும்போது நின்று கேட்டார்: "உங்க தாத்தாகிட்ட கேட்டாச்சா?"

"கேட்டாச்சு சார்."

"என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை சொல்லத் துணிந்த பொய்யா இது, இல்லையா, எனக்கே தெரியவில்லை.

5.40-க்கு உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா கதவுக்கு எதிரே தரையில். கண் மூடவில்லை. கதவையே பார்க்கிறாள், வெள்ளிக்கிழமை எல்லோரும் கிடாவின் முதுகைப் பார்த்த மாதிரி.

அக்டோபர் 16, வியாழன்

எடுத்துவிட்டார்கள். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் சட்டென்று முடிகிறது.

கொண்டுவரச் சொன்னவை: பெரிய பெட் ஷீட், டவல், கப், ஆதார் ஜெராக்ஸ் 3.

ஜெராக்ஸ் கடையில் மூன்றுக்குப் பதில் பத்து எடுத்துவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

ஆரத்தித் தட்டு இல்லை, விளக்கு இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று கருப்பிடம் கேட்டேன். பேசு என்று அல்ல. பேசினது நீதானே என்று.

லேசாகத் தூறல். வெளியே உலர்த்திய துணிகளை எல்லோரும் ஓடிப்போய் எடுத்தார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

11 மணிக்கு ஒரு ஆளை உள்ளே விட்டார்கள். அம்மா என்னைப் போகச் சொன்னாள். தன்னால் முடியாதாம்.

அப்பா விழித்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பஞ்சால் நனைத்தேன். கீழே குனிந்து பார்க்க முயலவில்லை. தெரிந்திருக்கிறது.

"கெடா சிலுப்புச்சா?"

இதற்கு மூன்று பதில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "கெடா சிலுப்பலப்பா. நீங்கதான் சிலுப்புனீங்க. அம்மா பாத்துச்சு."

மேலே ஃபேனைப் பார்த்தார்.

"தலையில இருந்தா?"

"தலையில இருந்து காலு வரைக்கும்."

"ரெண்டு காலுமா?"

"ரெண்டும்ப்பா."

கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. துடைத்தேன். கிடாவை அவிழ்த்துவிடச் சொன்னார். அது ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அதை யாரும் தொடக் கூடாதாம்.

சிஸ்டர் நேரமாச்சு என்றார். கிளம்புமுன் டாக்டர் சொன்னதை அப்பாவிடமும் சொன்னேன். ரத்தத்தில் இன்னும் கிருமி இருக்கிறது, மருந்து கேட்கிறதா என்று ரெண்டு நாளு பொறுத்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்:

"அவரு யாரக் கேக்கணுமாம்?"