ஒற்றைக்காதனும் என் வீட்டுக்காரரும்

மார்ச் 3, செவ்வாய்

என்னிடம் கார் ஓட்டப் பழகும் பல் டாக்டரம்மா இன்று மூன்று தடவை வண்டியை ஆஃப் பண்ணிவிட்டார். மூன்றும் ஒரே சிக்னலில். "அக்கா, பல்லுன்னா கண்ணை மூடிட்டுப் பிடுங்கிருவேன். இந்தக் கிளட்ச்சுதான்..." என்றார். கண்ணை மூடிக்கொண்டா! இனி இவரிடம் நான் பல்லைக் காட்டுவதாக இல்லை.

போகும்போது பின்சீட்டில் ஒரு புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறார். செங்கல் கனம். 1,132 பக்கம். இதை யார் படிப்பார்கள்?

மார்ச் 5, வியாழன்

நான் படிக்கிறேன்.

பத்து மணிக்கு வரவேண்டியவர் அரை மணி தாமதம். பயிற்சி வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் புரட்டினேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு சாலை விதிகள் தவிர நான் முழுசாகப் படித்த புத்தகம் கிடையாது. மாயாஜாலக் கதை, சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்றுதான் தொடங்கினேன். பார்த்தால், கதாநாயகிக்கு ஐம்பத்திரண்டு வயசு! முட்டிவலி! ஏழு பாலங்கள் உள்ள ஒரு நகரத்தில் அவள் பாலக்காவலி. அந்தப் பாலங்களுக்கு உயிர் உண்டு. யார் என்ன மனசோடு மேலே நடக்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியும். அவை சொல்வது இவளுக்கு மட்டும் கேட்கும். அரசியல், வஞ்சகம், படுக்கையறை — எல்லாமே இருக்கிறது. பெரியவர்களுக்கான கதைதான்.

கண்ணாடியைத் தட்டி, "மேடம், நான் வந்து பத்து நிமிஷமாச்சு" என்றார் பத்து மணிக்காரர்.

மார்ச் 6, வெள்ளி

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் டாக்டரம்மா வாங்கவில்லை. "நீங்களே வச்சுப் படிங்கக்கா, நான் ரெண்டு தடவை முடிச்சாச்சு. முதல் நூறு பக்கம் மட்டும் பல்லைக் கடிச்சுக்குங்க."

நூற்றுப் பதினெட்டு முடித்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மார்ச் 14, சனி

பக்கம் 290. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, நெருப்பும் அணைந்துபோயிருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் வந்து கேஸை மூடினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்ல மாட்டார். லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அந்தரத்தில் தொங்கிவிட்டு வீட்டுக்கு வருவார். மகள் படிக்க வெளியூர் போய் எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் நாங்கள் பேசிக்கொண்டதை எழுதினால் இந்த நோட்டில் ஒரு பக்கம் நிறையாது. "சாப்பாடு?" "ஆச்சு." "கதவு?" "பூட்டியாச்சு." சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் பேச வேண்டுமே.

மார்ச் 19, வியாழன்

ஒற்றைக்காதன்!

வடக்குப் படையின் தளபதி. ஒரு காதைப் போரில் இழந்தவன். பாலக்காவலியிடம் வந்து, "உன் பாலம் என்னைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று கேட்கிறான். அவள், "பயந்து நடக்கிறாய் என்கிறது" என்கிறாள். "எதிரிக்குப் பயந்ததில்லை. உன்னைப் பார்க்க வரும்போதுதான்" என்கிறான். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

இவர் பார்த்துவிட்டார். "என்ன?" விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு காது இல்லாதவனுக்கே இவ்வளவா? எனக்கு ரெண்டும் இருக்கு."

"ரெண்டு இருந்து என்ன? நான் சொல்றது ஒண்ணுலயாவது விழுதா?"

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நான் 415-இல் பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். இன்று பார்த்தால் 88-ஆம் பக்க ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. இந்த வீட்டில் சட்டைப்பையில் டேப் வைத்துக்கொண்டு திரியும் ஆள் ஒருவர்தான்.

டேப்பை நகர்த்தாமல் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

டேப் 203-இல்.

மார்ச் 27, வெள்ளி

டேப் என் டிக்கெட்டைத் தாண்டப் பார்க்கிறது! மனுஷன் சாப்பாட்டு இடைவேளைக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் வண்டியில் தேடித் தேடி... கேட்டதும் மாட்டிக்கொண்டார். "யாரு அந்த ஒத்தைக்காதன்னு பார்க்கலாம்னுதான் எடுத்தேன்" என்றார். அப்புறம், "அந்த மூணாவது பாலத்து மேல யானைப்படை போகுதே, அது நடக்காது. அந்தக் கல்லு அவ்வளவு எடை தாங்காது."

"உயிரோட இருக்கிற பாலம்ங்க அது."

"உயிரோட இருந்தாலும் எடை எடைதான்."

ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு மணி நேரம்! காய்கறிச் சீட்டின் பின்பக்கத்தில் பாலத்தைப் படம் போட்டுக் காட்டினார். மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அப்பாவா பேசினார்? நம்ம அப்பாவா?" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

ஒற்றைக்காதன் பாலக்காவலியிடம் சொல்லாமல் வடக்கு மலைக்குப் போய்விட்டான். இரண்டு வருஷத்துப் போருக்கு. விடியுமுன்னே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாலத்துக்குக் கூடத் தெரியாமல்! எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

இவர் அவனுக்கு வக்காலத்து.

"சொன்னா அவ போக விடமாட்டா."

"சொல்லிப் பார்க்காம எப்படித் தெரியும்?"

"அவளுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"அவளுக்கு எது கஷ்டம்னு இவன் யாரு முடிவு பண்ண? முப்பது வருஷம் ஒரு ஊரையே காவல் காத்தவ. ஒரு செய்தியைத் தாங்க மாட்டாளா?"

இவர் எழுந்துபோய் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

கம்பெனிக் கடிதம். ரயிலில் ஏழு மணி நேரத் தூரத்து ஊரில் புதுசாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். பதினெட்டு லிப்ட். அத்தனைக்கும் இவர் பொறுப்பு. ஒரு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் தேதி மார்ச் 3.

மார்ச் 30, திங்கள்

இருபத்தாறு நாள்! இருபத்தாறு நாளா ஒரு மனுஷன் இதைப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு என் கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கார். நான் கல்லா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு?

"மகளும் போயிட்டா. நானும் போனா நீ தனியா என்ன பண்ணுவியோன்னு..." என்கிறார். அப்போ வேண்டாம்னு எழுதிட வேண்டியதுதானே? அதையும் எழுதல. போகவும் மனசு இருக்கு, சொல்லவும் வாய் இல்ல.

எனக்குக் கோபம் அவர் போவதில் இல்லை. அது எனக்கே இன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

பத்து மணிக்காரரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், இன்றைக்குத்தான் முதல்முறையாக ரிவர்ஸில் நேராக நிறுத்தினார்.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் நானே கேட்டேன். "உங்களுக்குப் போகணும்னு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "ஆசையாத்தான் இருக்கு" என்றார். "இருபத்திரண்டு வருஷமா அடுத்தவன் மாட்டின லிப்ட்டை ரிப்பேர் பாக்குறேன். ஒரு கட்டிடம் முழுக்க நானே நின்னு மாட்டினதில்ல."

இவர் வாயிலிருந்து ஆசை என்ற சொல்லை எப்போது கேட்டேன்? ஞாபகமில்லை.

"அப்போ போங்க. ஆனா சொல்லிட்டுப் போங்க."

"இப்போ சொல்லிட்டேனே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கவலை தீர்ந்தது என்று இல்லை. இரண்டு கவலையாக இருந்தது ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 1, புதன்

சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

முடித்தோம். கடைசி அத்தியாயம் வரும்போது இருவரும் ஒரே இடத்தில் நின்றோம். ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ள முடியாது என்று அவர் சத்தமாக வாசித்தார். லிப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை வாசிப்பது மாதிரியே, ஏற்ற இறக்கம் இல்லாமல். ஒற்றைக்காதன் திரும்பி வந்து பாலத்தின் முனையில் நிற்கிற இடத்தில் மட்டும் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். சமையலறையில் வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

முடிந்தபின் வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. சொந்தக்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்தது போல. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு ஊரில் வாழ்ந்துவிட்டு, திடீரென்று துணி துவைக்கச் சொன்னால் எப்படி?

ஏப்ரல் 13, திங்கள்

டாக்டரம்மாவிடம் புலம்பினேன். "இரண்டாம் பாகம் இருக்கேக்கா! ஆயிரத்து நானூறு பக்கம்!" நடுரோட்டில் இருந்தோம். நல்லவேளை, பிரேக் என் காலடியிலும் உண்டு.

ஏப்ரல் 18, சனி

காலை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டாம் பாகம் இரண்டு பிரதி. ஒன்று அவர் பெட்டியில், ஒன்று என் வண்டியில். வாரத்துக்கு நூறு பக்கம், யாரும் முந்தக் கூடாது என்று ஒப்பந்தம். ரயில் நகரும்போது ஜன்னலுக்குள்ளிருந்து, "நாலு பக்கம் முந்திட்டேன்" என்றார். நான் அழலாம் என்று வைத்திருந்தது வீணாயிற்று.

மே 6, புதன்

தனியாக இருப்பது முதல் வாரம் கஷ்டம். இரண்டாம் வாரம் பரவாயில்லை. இப்போது வீடு எனக்குப் பழகிவிட்டது. டாக்டரம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டார். பயிற்சி முடிந்தும் வெள்ளிக்கிழமை தோறும் வந்து கதை பேசுகிறார்.

மே 20, புதன்

பக்கம் 487. பாலக்காவலியின் மூட்டை சுமந்து பனிமலை முழுக்கக் கூடவே வந்த கிழட்டுக் கோவேறு கழுதை செத்துப்போயிற்று. பயிற்சி வண்டியில் வாய்விட்டு அழுதேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்த புதுப்பெண், "அக்கா, நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே" என்றாள்.

மே 23, சனி

மத்தியானம் போன். கட்டிடத்தின் உச்சியில், லிப்ட் மெஷின் ரூமில் இருந்தார். குரல் சரியில்லை. எனக்குப் பதறிவிட்டது.

"கழுதை இருக்குல்ல..." என்றார்.

"என்ன ஆச்சு கழுதைக்கு?" என்றேன்.

"நீ இன்னும் அங்க வரலையா? அப்போ நான் சொல்லல. நீயே படி." ஒரு நொடி கூட ஆகியிருக்காது. ஆரம்பித்துவிட்டார். பனி எப்படிப் பெய்தது, அது எப்படி மண்டி போட்டது, எழுந்து நின்று இன்னும் நாலு எட்டு எப்படி வைத்தது. ஒரு வரி விடாமல். நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. முப்பத்தைந்து நிமிஷம். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கீழேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டது போனில் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கய்யா," என்று கத்தினார். "வீட்டுல பேசிட்டிருக்கேன்!"