அரிசி மாவில் கிண்டிய சீஸ் சாஸ்

அன்புள்ள மகன் நெடுமாறனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மதிவதனியும் என் பேத்தி செம்மொழியும் சிங்கப்பூரில் சௌக்கியமாக இருக்க நம் காளியாத்தா துணை இருக்கட்டும். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் பூதலூர் ராஜ்குமார் சிங்கப்பூர் திரும்புகிறான் என்றதும் அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன மாதம் மதிவதனியிடம் சீஸ் சாஸ் எப்படிச் செய்வது என்று கேட்டேன், செம்மொழி லீவுக்கு வந்தால் கொடுக்க என்றேன். செம்மொழிக்கு இல்லை தம்பி, அப்பாவுக்கு. அவருக்கு நாக்கு அடியில் புற்றுநோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிறார்கள், அதுதான் அந்தக் கதிர்வீச்சு வைத்தியம். சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான், சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டார். கரண்ட் வைக்க வைக்க அவர் வாயெல்லாம் வெந்து போய்விட்டது, ரசம் எரிகிறது, கஞ்சியில் போட்ட உப்பு எரிகிறது. பாலும் வெண்ணெயுமா வழவழன்னு எதையாவது குடுங்கம்மா, எடை குறைஞ்சா கரண்டை நிறுத்திடுவாங்க என்று நர்ஸ் பொண்ணு ஜெயபாரதி சொன்னது, சீஸ் சாஸ் என்று பேர் சொன்னதும் அதுதான். வெண்ணெயை உருக்கி மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்துப் பாலை மொத்தமாக ஊற்றிவிட்டேன், கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. உன் அம்சம் அத்தை எட்டிப் பார்த்து, என்ன அண்ணி, எலெக்‌ஷன் வருதா, போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுறீங்களா என்றது. அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. மறுநாள் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கூழ் கிண்டுகிற மாதிரி கை எடுக்காமல் கிண்டி, அடுப்பை அணைத்த பிறகு சீஸைத் துருவிப் போட்டேன், நன்றாக வந்தது. ஆனால் அவர் தொடவில்லை. அடுத்தவன் வயலில் கூலிக்கு அறுத்த காலத்துலயும் நான் சோறு திங்காமப் படுத்ததில்ல, இது சோறா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் மைதாவை ஒதுக்கிவிட்டு நம் வயல் அரிசியை மாவாக்கி அதில் கிண்டினேன். நம்ம நெல்லுதாங்க, கொஞ்சம் குழைஞ்சு போச்சு, அவ்வளவுதான் என்றேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் உயிர் ஓடியது அதில்தான். எடை நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை போன வாரத்தோடு சரி. இப்போது அதுவும் இறங்கவில்லை, விழுங்கினால் மூக்கில் ஏறுகிறது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தால்தான் மீதிக் கரண்ட் வைக்க முடியுமாம். அப்பா மாட்டேன் என்கிறார். குழாய் போட்டுப் பாய்ச்ச என் வயிறு என்ன வயலா, வாய் வழியாப் போகாத சோறு எனக்கு வேண்டாம் என்று முனகுகிறார். நான் சொல்லியும் ஆகவில்லை, அத்தை காலைப் பிடித்து அழுதும் ஆகவில்லை. உன் பேச்சு ஒன்றுக்குத்தான் அவர் கட்டுப்படுவார். எந்த நல்லது கெட்டதுக்கும் நான் உன்னை வா என்று கூப்பிட்டதில்லை, கூப்பிடாமல் வருகிறவன்தான் மகன் என்று வீம்பாக இருந்தேன். இப்போது கூப்பிடுகிறேன், வா. வந்து அவரைச் சம்மதிக்க வை. சம்மதிக்காவிட்டால் பக்கத்தில் இரு, அதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

மதிவதனி என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். செம்மொழிக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழணும். ஒன்று மறந்துவிடாதே, அப்பா பாதி உடம்பாகிவிட்டார், பார்த்தால் உனக்குத் தாங்காது. அழுவதானால் பஸ் ஸ்டாண்டிலேயே அழுது முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வா.

உன் அம்மா
காளியம்மாள்
திருக்காட்டுப்பள்ளி