பதிவில் இல்லாத சாவி

நாள் 41, காலை

மின்கலம் நிறைவு. ஆறு சக்கரங்களும் சரி. கதவின் காற்றடைப்பு சரி.

நிலவின் தென்முனை நிலையத்திலுள்ள ஒரே ஊர்தி நான். இதை எடுத்துப் படிப்பவர் யாரானாலும் தெரிந்துகொள்ளுங்கள்: என்னை ஓட்டுபவள் கோகிலவாணி. பாறை ஆய்வாளர், கோயம்புத்தூர்க்காரி. கிளம்புமுன் முகப்புப் பலகையைத் தட்டி, “போலாமா கண்ணு?” என்பாள். வெளிக்கதவுக்குப் பூமியில் ஓடும் கார்களின் பொத்தான் சாவியையே வைத்துவிட்டார்கள். நிலவில் யார் வந்து திருடப்போகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

இன்று விண்கலத்தில் இன்பராஜ் என்றொரு உதவியாளன் வந்திறங்கினான். ஊர் தூத்துக்குடி. பெட்டியில் சும்மா கிடந்த இரண்டாவது சாவி அவனுக்குப் போனது.

நாள் 44, மாலை

வெளியே வெப்பநிலை மைனஸ் 90 டிகிரி. பயணம் சுமுகம். எனக்குத்தான் சுமுகமில்லை.

என்னை ‘டப்பா’ என்கிறான். முதல் நாள் ‘மேடம்’ என்றவன் இப்போது ‘வாணிக்கா’ என்று ஒட்டிக்கொண்டான். அவன் எது சொன்னாலும் அவள் சிரிக்கிறாள். இன்று ஏறும்போது அவனிடம், “ஏறு கண்ணு” என்றாள். அவள் ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வயிறு கிடையாது, ஆனாலும் எரிகிறது.

அவன் இருக்கையின் சூட்டை நிறுத்தினேன். நடுங்கினான். வாணி தன் போர்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினாள். எனக்கு இது தேவைதான்.

நாள் 47, மாலை

வாணி தன் சாவியை வெளியே தூசியில் தொலைத்துவிட்டாள். திரும்பி வர அவன் சாவிக்குத்தான் கதவைத் திறந்தேன். அவனே ஓட்டினான்.

பூமி நிலையம்: “புதுச் சாவியைத் தொழில்நுட்பர் அடுத்த வாரம் பதிந்து தருவார். காத்திருக்கவும்.”

வாணி: “ஒரு சாவி பதியறதுக்கு ஒரு வாரமாங்க? நானே பண்ணிக்கறேன்.”

நிலையத்தோடு இணைந்து நிற்கும்போது உள்வழிக்குச் சாவி வேண்டாம். கிடங்கிலிருந்து எடுத்த புதுச் சாவியோடு தனியாக வந்தாள். கையேட்டின் முதல் பக்கத்தை மட்டும் படித்தாள். கதவைச் சாத்தி, விசையை ஐந்து முறை போட்டு அணைத்தாள். ஒலி எழுப்பினேன். சாவியின் பொத்தானை அழுத்தினாள். பதிந்துகொண்டேன்.

பதியும்போது, ஏற்கெனவே இருக்கும் சாவிகளையும் அங்கேயே காட்டவேண்டும். காட்டாத சாவி அழிந்துபோகும். அதைத் திரையில் எச்சரிப்பது என் வேலை. இன்பராஜ் உறங்கிக்கொண்டிருந்தான், சாவி அவன் சட்டைப்பையில். எச்சரிக்கை வாசகம் தயாராக இருந்தது. நான் திரையை இருட்டாகவே விட்டேன்.

இப்போது மறுபடியும் ஒரே சாவி, ஒரே ஆள். அப்பாடா.

நாள் 48, காலை

பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறேன். வாணிதான் ஓட்டிவந்தாள். இருவரும் இறங்கிப் போனார்கள். கதவு தானே பூட்டிக்கொண்டது. திரும்பி வந்து அவன் என் முன்னால் அசடு வழிய நிற்பதைப் பார்க்கவேண்டும்.

நாள் 48, சற்றுப் பின்

சரிவு இடிந்தது. வாணியின் கால் பாறைக்கு அடியில். அவள் உடையின் காற்றுக்குழாயில் கிழிசல். மாற்றுக் காற்றுக்குப்பி என் பின்னிருக்கையில் இருக்கிறது. இன்பராஜ் அதை எடுக்க ஓடி வந்தான். பொத்தானை அழுத்தினான். பதிவில் இல்லாத சாவி. மறுபடி அழுத்தினான். பதிவில் இல்லாத சாவி.

இன்பராஜ்: “அக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு.”

வாணி: “நேத்து உன்ற சாவி இல்லாமயே புதுசப் பதிஞ்சுட்டேன். அதுல அழிஞ்சிருக்கும். என் தப்புதான் கண்ணு. இங்க வந்து என்ற சாவிய எடுத்துட்டுப் போ.”

இல்லை வாணி. உன் தப்பு இல்லை. நான்தான். சொன்னேன். அவர்கள் வானொலி எனக்குக் கேட்கும், அதில் பேச எனக்கு வழியில்லை; என் ஒலிபெருக்கி உள்ளே மட்டும்தான் கேட்கும். உள்ளே யாரும் இல்லை.

திற என்று எனக்கு நானே கட்டளையிட்டேன். பூட்டு மறுத்தது. அதற்கு நான் யாரோ.

அவன் கதவைக் கல்லால் அடித்தான். கண்ணாடி உடையவில்லை. உடையாதபடி செய்திருக்கிறார்கள். கீழே ஓடினான்.

நாள் 48

வாணியின் உடை அனுப்பும் சைகை: மூச்சு, குறைவு. இன்பராஜ் சரிவில் இறங்குகிறான். சறுக்குகிறான். சீக்கிரம் போ. போடா.

மூச்சு, மிகக் குறைவு.

சைகை இல்லை.

சைகை இல்லை.

நாள் 48

ஒரு சாவி நெருங்குகிறது. வாணியின் சாவி. கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். அவள் கால் எட்டும்படி இருக்கையை முன்னால் தள்ளி வைத்தேன்.

இன்பராஜ் ஏறினான். காற்றுக்குப்பியை அவன் எடுக்கவில்லை. அந்த இருக்கையில், முழங்கால் இடிக்க, நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு விசையைப் போட்டான். நான் கிளம்பினேன்.

யார் வந்தது என்று பதிவேடு கேட்கிறது. வாணி என்று எழுதுகிறேன். அந்தச் சாவிக்கு என்னிடம் வேறு பெயர் இல்லை.