பதினொன்றாம் எண் கூண்டு

புயல் நாள் 48. காலை 6:10. மேட்டு நிலையம்.

தூசி அளவு 1.3. நேற்று 1.6. காற்று வடமேற்கிலிருந்து, தளர்ந்துவிட்டது. பத்தாம் எண் கூண்டு கம்பத்தில். விளக்குகள் எல்லாம் எரிகின்றன. நிலையத்துக்குக் காற்று தரும் மூச்சு இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். சளிபோல ஒரு சிவப்புக் குழம்பு வழிந்தது. தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் காலைச் சாப்பாடு.

எழுதுவது ரெ. அமலோற்பவம், நிலையக் காவலர், வயது எழுபத்திரண்டு. பட்டம் எதுவும் இல்லை. பழுதான கருவிகளைப் பிரித்துப் பிரித்து வானிலை கற்றவள். இந்தக் குறிப்புகளை யார் எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாது. படிப்பவர் செவ்வாய்க் கோளுக்குப் புதியவராக இருந்தால், சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கீழே பள்ளத்தில் இருப்பது புதுத்துறை. மண்ணுக்குள் தோண்டிய ஐந்து கூடங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் புயலுக்கு எண் கூண்டு ஏற்றும் வழக்கத்தை இங்கே குடிவந்தவர்கள் விடவில்லை. மேட்டில் கம்பம் நட்டு, விளக்குக் கூண்டு தொங்கவிட்டு, அதையே சட்டமாகவும் எழுதிக்கொண்டார்கள். பத்தாம் எண் ஏறினால் ஆளுநருக்குப் பேரிடர் அதிகாரம் வரும். சபை கூட முடியாது. காற்று, தண்ணீர், வாசல் பூட்டு மூன்றும் அவர் கையில். கூண்டு இறங்கினால் அதிகாரம் முடியும். ஏற்றுவதும் இறக்குவதும் நிலையக் காவலரின் வேலை.

சாசனத்தில் இவ்வளவுதான் இருக்கிறது.


புயல் நாள் 50. காலை 6:05.

தூசி அளவு 0.9. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டு நாள் இப்படியே நின்றால் கூண்டை இறக்கவேண்டும். இறக்கலாம் என்று இல்லை, இறக்கவேண்டும் என்றுதான் விதி.

வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வெகு நாளைக்குப் பிறகு கூடங்களின் ஆவிக்குழாய்கள் தெரிந்தன. உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சு, ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாக உறையும். மேற்குக் கூடத்தில் தடித்த வெள்ளை. கிழக்குக் கூடத்தில் ஒரு நூல்.

கிழக்குக்கு அரைக் காற்று. புயலில் சூரியத் தகடுகள் மூடிப்போனதால் யாராவது ஒரு கூடத்தார் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார் ஆளுநர் வைரவநாதன். புயலுக்கு முந்தைய வாரம் சபையில் அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் கிழக்குக் கூடத்தார். குறைத்துக்கொள்ளும் பெருமையை அவர்களுக்கே கொடுத்தார். வாசலையும் பூட்டினார், மற்றக் கூடங்களுக்கு ஓடி வந்துவிடக் கூடாதென்று. தினமும் காலையில் அதை அறிவிக்கும் குரல் "உங்கள் நலனுக்காக" என்று முடிக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் வடிகட்டிக் குழம்பு நினைவுக்கு வருகிறது.

என் தங்கை வியாகுலம் கிழக்கில் இருக்கிறாள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சு இளைப்பு.


புயல் நாள் 51. பகல் 2:30.

தூசி அளவு 0.8. ஆளுநரின் செயலர் ரூபன் கம்பியில் வந்தான். கம்பி என்பது நிலையத்திலிருந்து கீழே போகும் ஒரே பேச்சுத் தடம். ஆளுநர் மாளிகை வழியாகத்தான் எல்லாக் கூடங்களுக்கும் போகிறது.

நாளை கூண்டை இறக்கப் போகிறேனா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். ஆமாம் என்றேன்.

"ஒரு நாலு நாள் பொறுங்க பெரியம்மா. மேலிடத்துல இன்னும் முடிவெடுக்கல."

"புயல் முடிஞ்சதா இல்லையான்னு மேலிடம் முடிவெடுக்காதுடா. தூசிதான் முடிவெடுக்கும்."

தெற்கில் இரண்டாவது புயல் ஒன்று கிளம்பியிருக்கிறதாம். எந்தக் கருவி சொன்னது என்று கேட்டேன். இந்தக் கோளின் இந்தப் பக்கத்தில் தூசியை அளக்கும் கருவி என்னிடம்தான் இருக்கிறது. அவன் இருமினான். பிறகு சம்பந்தமில்லாமல் என் உடம்பைப் பற்றி விசாரித்தான்.

சாசனம் எழுதிய காலத்தில் நானும் சபையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரத்துக்கு ஒரு முடிவு நாள் போடுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் சபை கூடி நீட்டட்டும் என்றேன். வக்கீல்கள் சிரித்தார்கள். புயலுக்குப் போய் நாள் குறிக்கச் சொல்கிறாளே இந்தம்மா என்றார்கள். புயலுக்கு இல்லை, ஆளுநருக்குக் குறியுங்கள் என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் கேட்டுப் பெற்றது ஒன்றே ஒன்று: கூண்டைப் பிடித்து நிறுத்தும் தடை, மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கவேண்டும். செத்துப்போன நிலையத்தின் கம்பத்தில் கூண்டு தொங்கக் கூடாது. அதை மட்டும் ஒத்துக்கொண்டார்கள், நான் வாயை மூடுவேன் என்று.


புயல் நாள் 52. காலை 7:00.

தூசி அளவு 0.7. வானம் வெளுத்த தோல் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. 6:40க்குப் பத்தாம் எண் கூண்டை இறக்கினேன். மேற்குக் கூடத்து அங்காடியில் மேட்டைப் பார்த்த கண்ணாடிச் சுவர் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அதே நாள். காலை 9:20.

காலை அறிவிப்பு: "பராமரிப்புப் பணிக்காக மேட்டு நிலையக் கூண்டு தற்காலிகமாக இறக்கப்பட்டுள்ளது. பேரிடர் நிலை தொடர்கிறது. உங்கள் நலனுக்காக."

கூண்டு இறங்கினால் அதிகாரம் முடியும் என்று எழுதிய மேதைகள், முடிந்துவிட்டது என்று யார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை எழுதவில்லை. அதிகாரம் உள்ளவரே ஒத்துக்கொள்வார் என்று நினைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் கூண்டு இறங்கியதும் எல்லோரும் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள், யாரையும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். இங்கே தள்ளுவதற்குப் படகு இல்லை. வாசல் இருக்கிறது, அதில் பூட்டு இருக்கிறது.

மேற்கு அங்காடி வியாபாரி ஒருவர் கம்பியில் வந்து, கூண்டைச் சீக்கிரம் சரிசெய்து ஏற்றச் சொன்னார். கூண்டில் பழுது இல்லை, புயல் முடிந்தது என்றேன். பிறகு, முழுக் காற்றுக்குப் பழகிவிட்டோம் அம்மா என்றார். வைத்துவிட்டேன். கையைக் கழுவவேண்டும்போல் இருந்தது. கழுவினேன்.


புயல் முடிந்த 2ஆம் நாள். மாலை 4:15.

என் நாள்கணக்கை மாற்றிவிட்டேன். கீழே இன்னும் 53 என்றே அறிவிக்கிறார்கள்.

கிழக்குக் கூடத்து வாசல்காரரின் கருவியிலிருந்து வியாகுலம் பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே விசில் அடிப்பதுபோல் மூச்சு. வாசல் திறக்கவில்லை. காற்றும் கூடவில்லை. நேற்று இரண்டு பேர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

பதினொன்றாம் எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்து என்பது பெரிய அபாயம். பதினொன்று, தலைமையிடத்தோடு, இங்கே என்றால் ஆளுநர் மாளிகையோடு, தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு. துறைமுகத்திலும் அதுதான் பொருள். தலைமையிடமே அழிந்து போயிருக்கலாம் என்ற நிலைக்கு அது வைக்கப்பட்டதால், யாருடைய உத்தரவும் அதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு கூடத்து வாசலின் மேலும் ஓர் ஒளிக்கண் இந்தக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பதினொன்றின் விளக்குகளைக் கண்டால் பூட்டுகள் தாமே விட்டுவிடும். காற்று எல்லாக் கூடங்களுக்கும் சமமாகப் பிரியும். இதுவரை யாரும் ஏற்றியதில்லை.

"ஏக்கா, பதினொண்ண ஏத்தேன். ஏத்துனா பூட்டு வுட்ரும்லா."

"இப்ப நீயும் நானும் பேசிக்கிட்டு இருக்கோம். கம்பி அறுந்துட்டுன்னு எப்படி ஏத்துவேன்?"

"பொய்யோ மெய்யோ, இங்க மூச்சு வுட முடியல. ஒனக்கு எங்கள வுட அந்தக் கம்பந்தான் பெருசு. சின்னப் புள்ளையிலேர்ந்தே நீ இப்படித்தான்."

ஏற்றமாட்டேன் என்றேன். புயல் இல்லாதபோது பத்து தொங்கவேண்டும் என்கிறார் ஆளுநர். தொடர்பு இருக்கும்போது பதினொன்று தொங்கவேண்டும் என்கிறாள் இவள். ஒருமுறை பொய்க்கு ஏற்றிவிட்டால், பிறகு அது கூண்டு இல்லை, கம்பத்தில் தொங்கும் விளக்கு. அடுத்த ஆளுநர் அதைக் காட்டியே இந்த நிலையத்தை மூடிவிடுவார்.

அவள் திட்டவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாசல்காரர் வந்து, அவளுக்கு முடியவில்லை என்று சொல்லிக் கருவியை வாங்கி வைத்துவிட்டார்.

இன்று சாப்பிடவில்லை. என்மேலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏற்றமாட்டேன்.


புயல் முடிந்த 3ஆம் நாள். காலை 5:50.

ஆளுநர் தாமே பேசினார். குரலில் எண்ணெய்.

"சாப்ட்டீங்களாம்மா? ஒங்கள நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. ஆனா பாருங்க, ஜனங்களுக்கு இப்ப தேவை நிம்மதி. கூண்டு மேல இருந்தா நிம்மதியா இருக்காங்க. எறங்குனா சபை, ஓட்டு, சண்டை. நீங்க பாக்காததா? பத்த மறுபடி ஏத்திருங்க. வண்டியில ஒங்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இன்னிக்கே மேல வரும்."

வண்டி மூன்று வாரமாக வரவில்லை. எதனால் என்று இப்போது தெரிந்தது.

"எனக்குத் தெரிஞ்சது தூசி ஒண்ணுதான். தூசி போயிருச்சு. நீங்கதான் இன்னும் போகல."

சிரித்தார். நல்ல சிரிப்பு, பழகிய சிரிப்பு. அப்படியானால் நீங்கள் ஓய்வெடுங்கள் அம்மா என்றார்.

காலை 6:00.

கம்பியில் ஓசை இல்லை. அதே நொடியில் மின்சாரமும் நின்றது. நிலையத்துக்கு மின்சாரம் கீழிருந்துதான் வருகிறது.

அந்த மனிதர் முட்டாள் இல்லை. கம்பியை அறுத்தால் பதினொன்றுக்கு வழி திறக்கும் என்று அவருக்குத் தெரியும். மின்சாரம் இல்லாவிட்டால் கூண்டைத் தடை பிடிக்காது, ஏற்றிய கூண்டு சரிந்து இறங்கிவிடும் என்பதும் தெரியும். நான் சண்டை போட்டு வாங்கிய தடையை வைத்தே என்னைக் கட்டியிருக்கிறார். நிலையத்தில் மிச்சமிருக்கும் ஒரே மின்கலம் மூச்சு இயந்திரத்துக்குள் இருக்கிறது. அதை யாரும் கழற்றமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறார்.

காலை 10:00.

கம்பியில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மணிக்கு ஒருமுறை கூப்பிடவேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பதில் இல்லையென்றால்தான் தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளவேண்டும். விதி அப்படி.

கிழக்கின் வெள்ளை நூல் இன்னும் இருக்கிறது. கண்ணை எடுக்காமல் பார்க்கிறேன். அதில் எந்த இழை அவளுடையது என்று எப்படித் தெரியும்.

பகல் 3:00.

பதில் இல்லை. பதினொன்றுக்கான விளக்குகளைக் கூண்டில் மாட்டிவிட்டேன். இவற்றுக்குத் தனித்தனிச் சிறு கலங்கள் உண்டு, அவை எரியும். கூண்டைப் பிடிக்கத்தான் பெரிய கலம் வேண்டும். விரல் மூட்டுகள் மடங்கவில்லை. பல்லால் விளக்குக் கம்பியை உரித்தேன். வாயெல்லாம் துருச் சுவை.

மாலை 5:00.

நூல் மெலிந்துவிட்டது. சில நேரம் அறுந்து அறுந்து வருகிறது. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. இதைப் படிக்கிறவர் என்னைத் திட்டலாம். கல் நெஞ்சுக்காரி என்று வியாகுலமும் இப்போது திட்டிக்கொண்டிருப்பாள். திட்டுவதற்கு மூச்சு இருந்தால் எனக்கு அதுவே போதும்.

மாலை 6:00.

கடைசியாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தொடர்பு அறுந்தது. இனி இது பொய் இல்லை.

மூச்சு இயந்திரத்தை நிறுத்தினேன். மின்கலத்தைக் கழற்றிவிட்டேன். அறையில் இருக்கும் காற்றும் வெளியே போடும் உடையின் தோள் உருளையில் இருப்பதும்தான் இனி எனக்கு. கலத்தைத் தடையில் மாட்ட வெளியே போகிறேன்.

மாலை 6:55.

ஏற்றிவிட்டேன். கையால் சக்கரம் சுற்றி. இரண்டு முறை நழுவியது, மூன்றாவது முறை தடை பிடித்தது. பதினொன்று மேலே. விளக்குகள் எல்லாம் எரிகின்றன.

தோள் வலி. குளிர். எழுத்து கோணலாக வருகிறது, மன்னிக்கவும்.

மாலை 7:10

கிழக்குக் குழாயில் முதலில் எதுவும் இல்லை. நூலும் இல்லை. சன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு வெடிப்பு. வெள்ளை. பிறகு தடியாக, கூரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு வெள்ளை. மேற்கிலும் அதே அளவு, கொஞ்சமும் கூடுதல் இல்லை. ஐந்து கூடத்திலும் ஒரே அளவு. இப்படி நான் பார்த்ததே இல்லை.

அவள் அதில் இருக்கிறாளா தெரியாது. கம்பி இல்லை. கேட்க முடியாது.

7:40

கீழே விளக்குகள் வரிசையாக மேட்டில் ஏறுகின்றன. ஆளுநரின் ஆட்களா, கிழக்குக்காரர்களா, தெரியவில்லை. வந்து சேர நேரம் ஆகும். என் காற்று அதுவரை வராது. தலைக்குள் மணி அடிக்கிறது.

வருபவருக்கு. யாராக இருந்தாலும்.

பதினொன்றுக்கும் சாசனத்தில் முடிவு நாள் இல்லை. நான் சொன்னபோது சிரித்தார்கள். ஆகவே இதற்கு நான் குறிக்கிறேன். இந்த மின்கலம் ஏழு நாள் பிடிக்கும். ஏழாம் நாள் கூண்டு தானாக இறங்கிவிடும். அதற்குள் சபையைக் கூட்டுங்கள். கலத்தை மாற்றாதீர்கள். கிழக்குக்காரர்களாக இருந்தாலும் மாற்றாதீர்கள். நல்லதுக்காக என்றாலும் கூடாது. வியாகுலம் சொன்னாலும் கூடாது

ஏழு நாள். ஆளுநருக்கு இல்லாத முடிவு நாள் எனக்கு

வெள்ளை இன்னும் தடியாக